கண்புரை ஆபரேஷன்: எந்த லென்ஸ், எந்த லேசர்?

தேனி மாவட்டம் கம்பத்தில் கண்ணாடிக் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மேலே குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனை பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களும், கீழே கூடலூர், உத்தமபாளையம் விவசாயிகளும்தான் என் வாடிக்கையாளர்கள். வாரத்துக்கு ஒருவராவது நாலாக மடித்த ஒரு தாளோடு வந்து நிற்பார். கண்புரைக்குக் காட்டப் போன இடத்தில் கொடுத்த லென்ஸ் பட்டியல் அது. ஏழெட்டுப் பெயர், எதிரே விலை, கடைசியில் "லேசர் முறை" என்று தனியாக ஒரு தொகை. "அண்ணே, இதுல எது நல்ல லென்ஸ்?" என்பார்கள். பெற்றவர்களுக்குக் குறை வைத்துவிடக் கூடாதே என்ற தவிப்பு அந்தக் கேள்வியில் இருக்கும்.

நான் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் அவங்க கண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்பேன். லென்ஸ் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

புரை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால், மெல்லிய ஒரு பைக்குள், இயற்கையே வைத்த லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு கலங்கிப்போகின்றன. மழைக்காலத்தில் குமுளி ஏறும்போது ஜீப்பின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படியுமே, அது மாதிரி. வெளியே எவ்வளவு துடைத்தாலும் தெளியாது. அதனால்தான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டாலும் பார்வை வருவதில்லை. சர்க்கரை நோயும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்தும் புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். மலையாளத்தில் திமிரம் என்பார்கள். குமுளி ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ நோய் என்று பயந்து வந்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான். சொட்டு மருந்தால் இது கரையாது. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்பதும் பழைய காலத்துப் பேச்சு. இன்றைய முறையில் முற்றக் காத்திருக்கத் தேவையில்லை. முற்றினால் புரை கல்லாக இறுகி ஆபரேஷன் சிரமமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டதா, எடுத்துவிடலாம்.

ஆபரேஷனில் பையை விட்டுவிட்டு உள்ளே கலங்கிய லென்ஸை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இந்த லென்ஸ் வருவதற்கு முன்பு புரையை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுத்தான் நடமாட வேண்டும். முதல் லென்ஸை 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்தும், கண் அவற்றை ஒன்றும் செய்யாமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். நம் பக்கத்துக்கு அது மலிவாக வந்ததற்கு மதுரைக்கு நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அவர்களே ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலை வைத்து லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவரை வெளிநாட்டு லென்ஸின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இன்று இலவச முகாமில் போய் வருகிற பாட்டியின் கண்ணிலும் லென்ஸ் இருக்கிறது என்றால் அதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சரி, இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். நம் சொந்த லென்ஸ் இளமையில் தானாகவே வளைந்து கொடுக்கும். மலையைப் பார்த்துவிட்டு மறுநொடி கையிலிருக்கும் சில்லறையைப் பார்த்தாலும் இரண்டும் தெளிவாகத் தெரிவது அதனால்தான். நாற்பதைத் தாண்டினால் அது விறைத்துப்போய் வெள்ளெழுத்து வருகிறது. செயற்கை லென்ஸுக்கு இந்த வளையும் குணமே கிடையாது. சாதாரண லென்ஸ், அதாவது மோனோஃபோகல், ஒரே ஒரு தூரத்தில்தான் கூர்மையாகக் காட்டும். அந்த ஒரு தூரம் எது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்து, அதற்கேற்ற பவரில் வைத்துவிடுகிறார்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். பிறகு படிக்க, ஊசி கோர்க்க, போன் பார்க்கக் கண்ணாடி வேண்டும். "ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடியா?" என்று என் கடையில் வந்து வருத்தப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனில் ஒரு குறையும் இருக்காது. இதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் அத்தைக்கு நடந்தது இதுதான். போடியில் ஏலக்காய் கடையில் முப்பது வருடம் காய் பொறுக்கியவர். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி அரித்த காய் எல்லாவற்றையும் விரல் நுனியால் ஒதுக்கிக்கொண்டே இருப்பார். பேச்சு ஓரிடத்தில் இருக்கும், கண்ணும் விரலும் முறத்தில் இருக்கும். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு கண்ணிலும் இரண்டரை பவர் கிட்டப்பார்வை. தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். கழற்றினால் முறத்திலிருக்கிற காய் பளிச்சென்று தெரியும். அறுபதிலும் வெறும் கண்ணால் காய் பொறுக்கினார் என்றால் அந்தக் கிட்டப்பார்வையின் தயவுதான்.

வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் அருமையாக நடந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் போயிருந்தேன். "மருமகனே, எதிர்வீட்டு மாடியில காயுற சேலைக் கரை தெரியுதுய்யா. மடியில கெடக்குற காயி தெரியலையே" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா, பயமா என்று எனக்குப் புரியவில்லை. தூரத்துக்கு என்று லென்ஸ் வைத்துவிட்டார்கள். அத்தையின் வேலை என்ன என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிற நானும் சொல்லவில்லை. நல்ல லென்ஸாகப் பார்த்து வைக்கச் சொன்னோமே தவிர, எந்தத் தூரத்துக்கு என்று வாயே திறக்கவில்லை. அது இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இடது கண்ணுக்கு மூன்று மாதம் கழித்துப் போனபோது வேறு மாதிரி போனோம். முறத்திலிருந்து கண்ணுக்கு எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்தேன். சுமார் 50 சென்டிமீட்டர். அந்தத் தூரத்துக்கு இரண்டு டயாப்டர் (கண்ணாடி பவரின் அளவு) கிட்டப்பார்வையை விட்டுவைத்தால் சரியாக இருக்கும். மருத்துவரிடம் சொன்னதும் அவரே சந்தோஷப்பட்டார். ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு என்று வைக்கிற இந்த முறைக்கு மோனோவிஷன் என்று பெயர். எல்லாருக்கும் இது ஒத்துவராது. சிலருக்குத் தலை சுற்றும், படியிறங்கும்போது ஆழம் பிடிபடாது. அதனால் முன்னாலேயே கான்டாக்ட் லென்ஸ் போட்டோ, சோதனைக் கண்ணாடி மாட்டியோ பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தை அந்த மூன்று மாதமும் ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டம் என்றுதானே இருந்தார்? சோதனை தானாகவே நடந்து முடிந்திருந்தது. விலை என்று பார்த்தால் பட்டியலில் ஆகக் குறைந்த லென்ஸ்தான் வைத்தோம். இன்றும் கண்ணாடி இல்லாமல் காய் பொறுக்குகிறார்.

ஆகவே தையல் வேலை, நகை வேலை, பூக்கட்டு, எழுத்து வேலை என்று கிட்டத்திலேயே வாழ்கிறவர்களும், குறிப்பாக இதுவரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர்களும், கிட்டத்துக்கு லென்ஸ் வைக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போகிறது.

பட்டியலில் அடுத்து வருவது டோரிக். உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் என்று எழுதியிருக்கும். கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், கோழிமுட்டையின் பக்கவாட்டு மாதிரி ஒரு திசையில் அதிகமாக வளைந்திருந்தால் வருவது அது. சாதாரண லென்ஸ் இதைச் சரிசெய்யாது, டோரிக் சரிசெய்யும். ஆனால் கண்ணாடிச் சீட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிலிண்டரில் ஒரு பங்கு கலங்கிய லென்ஸாலும் வந்திருக்கலாம். அது லென்ஸோடு போய்விடும். கருவிழியைத் தனியாக அளந்து வருகிற கணக்குதான் செல்லும். அது ஒரு டயாப்டருக்கு மேல் இருந்தால் டோரிக்குக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீணாகாது என்பது என் அனுபவம். அரை டயாப்டருக்கு வேண்டாம். இந்த லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் அதன் பலனில் சுமார் 3 சதவீதம் குறையும், 30 டிகிரி திரும்பினால் பலனே போய்விடும். டோரிக் வைத்துப் பழகிய மருத்துவரா என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.

இனி விலை ஏறுகிற இடம். மல்ட்டிஃபோகல், டிரைஃபோகல் என்பவை தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று எல்லாவற்றையும் காட்டுகிற லென்ஸ்கள். சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு விலை. கண்ணாடியே இல்லாமல் பேப்பர் படித்து, டிவியும் பார்த்து இருப்பவர்கள் என் கடைக்கே வருவார்கள். மனதார சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குள் வருகிற வெளிச்சத்தை இந்த லென்ஸ் வளையம் வளையமாகப் பங்கு பிரிக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றினால் எந்த டம்ளரும் நிறையாது அல்லவா? அதனால் மங்கல் வெளிச்சத்தில் பொருள்களின் எடுப்பு கொஞ்சம் குறையும். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகிவிடுகிறது, சிலருக்குப் பழகுவதில்லை.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு இரவு நேரத்தில் ஜீப் ஓட்டுகிற ஒருவர் வந்தார். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே மலையேறுகிறவர். மகன் துபாயில், காசு பிரச்சினை இல்லை, இருப்பதிலேயே விலை கூடிய லென்ஸ் வைக்கச் சொல்லிவிட்டான். நான் அவரிடம் கேட்டேன்: பனி இறங்கியிருக்கிற வளைவில், எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி இரண்டு வளையம் தெரிந்தால் ஓட்டுவீர்களா? அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் தூரத்துக்கு மோனோஃபோகல் வைத்துக்கொண்டார். டிரிப் ஷீட் எழுத மட்டும் என்னிடம் ஒரு கண்ணாடி. அவர் வேலைக்கு அதுதான் உயர்ந்த லென்ஸ்.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்கள், கண் அழுத்த நோய் முற்றியவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், கருவிழியில் தழும்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு மல்ட்டிஃபோகல் பொதுவாக ஏற்றதில்லை. ஏற்கெனவே குறைந்திருக்கிற பார்வையை இன்னும் பங்கு போடுவானேன்? ஆகவே இந்த லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் விழித்திரையை ஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள். மோனோஃபோகல், மல்ட்டிஃபோகல் இரண்டுக்கும் நடுவே ஈடாஃப் என்று ஒரு வகை இருக்கிறது. தூரமும் கை நீட்டும் தூரமும் தெரியும், அதாவது அடுப்படி, கம்ப்யூட்டர், கடைத் தராசு. பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும். வளையத் தொந்தரவு குறைவு. ரெண்டும் கெட்டான் என்று சொல்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மளிகைக்கடைக்காரருக்கு அதுவே கச்சிதம் என்று நான் நினைக்கிறேன்.

லென்ஸ் செய்த பொருளைப் பற்றியும் கேட்பார்கள். மடிக்க முடியாத கெட்டி லென்ஸுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வெட்டு வேண்டும். மடிக்கிற லென்ஸ் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வழியில் உள்ளே போய் விரிந்துகொள்ளும். மடிக்கிறவற்றில் தண்ணீர் உறிஞ்சாத அக்ரிலிக், ஓரம் சதுரமாக வெட்டியது என்றால் பின்னால் பை கலங்குவது குறையும். "இம்போர்ட்டட்" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது லேசருக்கு வருவோம். குழப்பம் எல்லாம் இங்கேதான், ஏனென்றால் நான்கு வேறு வேறு வேலைகளுக்கு நம் ஊரில் ஒரே பெயர். இன்று பெரும்பாலும் நடக்கிற ஃபேக்கோ ஆபரேஷனைப் பலர் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். அதில் லேசரே இல்லை. அல்ட்ராசவுண்டு அதிர்வில் புரையை நொறுக்கி உறிஞ்சி எடுப்பது அது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்கிற அதிர்வுக் கருவியைப் பார்த்து யோசனை வந்து, 1967-இல் கொண்டுவந்தது.

பட்டியலில் "லேசர் முறை" என்று கூடுதல் தொகையோடு வருவது ஃபெம்டோ லேசர். மனிதர் கண்ணில் புரைக்கு இதை முதலில் 2008-இல் புடாபெஸ்ட்டில் பயன்படுத்தினார்கள். மருத்துவர் கையால் செய்கிற சில படிகளை, அதாவது வெட்டுப் போடுவது, பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறப்பது, புரையைத் துண்டு போடுவது ஆகியவற்றை, கம்ப்யூட்டர் கணக்கில் லேசர் செய்கிறது. அதன் பிறகும் புரையை வெளியே எடுக்க அதே ஃபேக்கோ கருவிதான். திறப்பு அழகான வட்டமாக அமையும் என்பது உண்மை. ஆனால் அதனால் பார்வை கூடுகிறதா? பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்து 2020-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், தேர்ந்த கையால் செய்த ஃபேக்கோவைவிட இதில் பார்வையும் கூடவில்லை, சிக்கலும் குறையவில்லை என்றே காட்டின. கருவிழி வெளுத்தவர்களுக்கும், பாப்பா சரியாக விரியாதவர்களுக்கும் இதைச் செய்யவே சிரமம். உங்கள் கண்ணுக்கு இதுதான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருப்பது கொஞ்சம் காசு, லேசருக்கா டோரிக்குக்கா என்று யாராவது கேட்டால், சிலிண்டர் உள்ளவரிடம் நான் யோசிக்காமல் டோரிக் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது, யாக் லேசர். ஆபரேஷன் முடிந்து சில மாதமோ வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள பைச் சவ்வு சிலருக்கு மங்கிவிடும். "புரை திரும்ப வந்துருச்சு" என்று பதறுவார்கள். எடுத்த புரை திரும்ப வராது. யாக் லேசரால் சவ்வில் சின்னதாக ஒரு வழி திறந்துவிட்டால் சரியாகிவிடும். கத்தி இல்லை, சில நிமிட வேலை. நான்காவது, சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையில் அடிக்கிற லேசர். அதற்கும் புரைக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி போடாமலிருக்க இளம் வயதினர் செய்துகொள்கிற லேசிக்கும் வேறு. ஆனால் முன்பு லேசிக் செய்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள், லென்ஸ் பவர் கணக்கே மாறிவிடும்.

முகாம்களில் ஃபேக்கோ இல்லாமல் சின்ன வெட்டில், தையல் இல்லாமல், கையாலேயே புரையை எடுப்பார்கள். அது இளப்பமான முறை என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். 2007-இல் வெளியான நேபாள ஆய்வில் இரண்டு முறைகளிலும் ஆறு மாதம் கழித்துப் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கல்லாக முற்றிய புரைக்கு இதையே விரும்புகிற மருத்துவர்கள் நிறைய.

எந்த லென்ஸாக இருந்தாலும் அளவு தவறினால் எல்லாம் வீண். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை, மூன்று டயாப்டர் தப்பிவிடும். கண் வறட்சி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். புரோஸ்டேட் தொந்தரவுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அந்த மாத்திரை பாப்பாவைச் சுற்றியுள்ள சவ்வைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காசு விஷயத்தில், இன்சூரன்ஸ் இருந்தால் கண்புரைக்குத் தனி வரம்பு இருக்கிறதா, மல்ட்டிஃபோகலுக்குக் கொடுப்பார்களா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே கேளுங்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள், எந்த மாநிலத் திட்டம் எங்கே செல்லும் என்று விசாரிக்காமல் வண்டி ஏறாதீர்கள்.

வீட்டுக்கு வரும்போது லென்ஸின் பெயரும் பவரும் உள்ள கார்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கண்ணுக்கு அது தேவைப்படும். படிக்கிற கண்ணாடிக்கு மூன்றாம் நாளே என்னிடம் வந்துவிட வேண்டாம். பவர் நிலைக்க நாலைந்து வாரம் ஆகும். சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை விடுங்கள், தலைக்குக் குளித்துக் கண்ணில் தண்ணீர் விடாதீர்கள். கண் சிவந்து, வலி கூடி, தெரிந்துகொண்டிருந்த பார்வை குறைகிறது என்றால் அது உள்ளே சீழ் பிடிப்பதாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதத்தில்கூடக் கண்ணே போய்விடலாம். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருக்கிறவர்கள், காலை ஜீப் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரம் மலைக்குப் போகாமல் கீழே சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொள்ளச் சொல்வேன். அதற்கு வழியில்லை என்றால், கூப்பிட்டால் நடுராத்திரியிலும் வருகிற ஒரு ஜீப்காரரின் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.